உன் கத்தல் பாட்டுகளை ஒளித்தவன் நான்தான்

அன்பு மாப்ளே முருகேசா,

அங்கே டூட்டி உண்டா, இல்லை முழு லீவுதானா? இங்கே துபாய் அல் கூஸில் நாங்கள் அப்படியேதான் இருக்கிறோம். கேம்ப் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உன் கட்டிலில் இப்போது ஒரு நேபாளக்காரர். நல்ல மனுஷன், ஆனால் பாட்டே கேட்பதில்லை. சத்தத்தைக் குறை என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இன்றைக்கு இந்த ரூமின் அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்த நாள் நினைவிருக்கிறதா? அபுதாபியில் ஏதோ வெள்ளைக்கார ராக் குழுவின் கச்சேரி. மேடைக்குச் சாரம் கட்டியது நாம்தான். ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன் நம்மை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், நமக்குக் கிடைப்பது ஒத்திகை மட்டும். நீ உச்சியில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தாய். கீழே ஒருவன் அழுகிற மாதிரி மெல்ல ஆரம்பித்து, திடீரென்று நெஞ்சு வெடிக்கக் கத்தினான். நீ ஸ்பானரும் கையுமாக அசையாமல் நின்றுவிட்டாய். "முருகேசா, யல்லா யல்லா, சீக்கிரம்!" என்று ஃபோர்மேன் கத்தியது உன் காதில் ஏறவே இல்லை.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் பழைய சிடி தேடி அலைந்தாய். இரண்டாயிரங்களின் ஆரம்பத்தில், நாம் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், உலகத்தையே ஆட்டிவைத்த குழுக்களாம். அட்டையில் மண்டையோடு, மை அப்பிய கண், குத்திட்டு நிற்கும் முடி.

"என்னடா மாப்ளே இது, பல்லு வலிக்காரன் மாதிரி கத்துறான்?" என்றேன்.

"நாம கத்த முடியாதத அவன் கத்துறான் மச்சான். கேளேன்" என்றாய். பாட்டில் ஒரு வார்த்தையும் உனக்குப் புரியாது. எனக்கு மட்டும் என்ன புரிந்தது?

சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவே இல்லை. ஊருக்கு அனுப்ப உன் பெட்டியை நான்தான் கட்டினேன். நம் கேம்ப் வழக்கம் உனக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரிய வேண்டாததை முதலில் எடுத்துவிடுவோம், சாராய பாட்டில், சீட்டுக்கட்டு, யாரோ ஒருத்தியின் போட்டோ. போனவனின் மானத்தைக் காப்பாற்றும் வேலை அது. நீயும் இரண்டு பேருக்குச் செய்திருக்கிறாய்.

உன் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. அந்த சிடிகள்தான் இருந்தன. மண்டையோட்டைப் பார்த்தால் கலா பயந்துவிடும், புருஷன் வெளிநாட்டில் கெட்டுப்போனான் என்று நினைத்துவிடும் என்று எல்லாவற்றையும் உன் சிடி பிளேயரோடு எடுத்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். "அவரு ரூம்ல பொழுத எப்படிண்ணே ஓட்டுவாரு?" என்று அது போனில் கேட்டபோது, "சாமிப் பாட்டு கேப்பாம்மா" என்று சொல்லிவைத்தேன். பெயரில் முருகன் இருப்பதைத் தவிர உனக்கும் சாமிப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கலா கூப்பிட்டது.

"அடுத்த மாசம் அவரு திதிண்ணே. மூணு வருஷமா படத்துக்கு முன்னால சாமிப் பாட்டுதான் போடுறேன். அதுல அவருக்கு ரொம்பப் பிடிச்சது எதுண்ணே? அதை முதல்ல போடணும்."

இன்னொரு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மண்டையோடு உட்பட.

"அப்ப மூணு வருஷமா அவருக்குப் பிடிக்காத பாட்டையா போட்டேன்?" என்றது. மாப்ளே, உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து உன்னையே அதனிடமிருந்து மறைத்துவிட்டேன். இதை நீ எப்படி மன்னிப்பாய்?

"இப்பப் போடுங்கண்ணே" என்றது கலா. கட்டிலுக்கு அடியிலிருந்து பிளேயரை இழுத்து, நீ தேய்த்துத் தேய்த்துக் கேட்ட அந்தப் பாட்டைப் போட்டு போனைப் பக்கத்தில் பிடித்தேன். கத்துகிற இடம் வந்தபோது வைத்துவிடும் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கடைசி வரை கேட்டது.

"எங்கிட்ட நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு மட்டுந்தாண்ணே சொல்லுவாரு. ஒரு நாளும் சத்தமாக்கூடப் பேசினதில்ல. இம்புட்டையும் எங்கண்ணே வச்சிருந்தாரு?"

நான் அழுதுவிட்டேன் மாப்ளே. உனக்குத்தான் தெரியும் அதற்குப் பதில்.

லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். சிடிகளை லக்கேஜில் போட மாட்டேன், கையிலேயே கொண்டுபோவேன். திதியன்று உன் படத்துக்கு முன்னால் கலா பக்கத்தில் உட்கார்ந்து போடுவேன். தெருவே வந்து என்னவென்று கேட்கட்டும், அந்தக் கத்துகிற இடத்தில் சத்தத்தைக் குறைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
ராஜேந்திரன்