மேனேஜருக்கு வயிறு சரியில்லை

அன்புள்ள பெரியவளுக்கு, இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் நலம். நீயும் நலம் என்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்று பிறகு பார்க்கிறேன். என் கண்ணாடி உடைந்து கடையில் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல வாலுதான் எழுதுகிறாள். (வணக்கம் அக்கா. அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் உன் தங்கையின் சொந்தச் சரக்கு, அம்மாவுக்குத் தெரியாது.) போனில் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன், பதறாமல் கடைசிவரை படி. உன் நாய் மேனேஜருக்கு வயிற்றுப்போக்கு. மாடிப்படி, பால்கனி, அப்பாவின் செருப்பு என்று ஓரிடம் விடவில்லை. (செருப்புக்குப் பக்கத்தில்தான். அப்பா நிறைய வருத்தப்பட்டார், நான் கொஞ்சமாக.) அப்பா நாய் டாக்டருக்குப் போன் போட்டார். ஒரு வேளை பட்டினி போடணுமாம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கணுமாம், அப்புறம் உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் கையளவு கொடுக்கணுமாம், ரத்தம் பட்டாலோ சுருண்டு படுத்தாலோ உடனே தூக்கி வரணுமாம் என்றார். நானும் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆனால் நிற்கவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிற நாய்க்கு வெளியே இவ்வளவு வருமா? கூப்பிட்டால் எழாமல் கண்ணை மட்டும் திருப்பினான். நம்பி விட்டுப்போன உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. (இரண்டு வயிறு கலங்கினால் இந்த வீட்டுக்கு ஒரு பாத்ரூம் போதாது.)

யாரோ திருட்டுத்தனமாய் ஊட்டுகிறார்கள் என்று முடிவு செய்தேன். முதல் சந்தேகம் இதை எழுதுகிறவள் மேல்தான், அப்பாவின் டீயில் உப்புப் போட்டவள் ஆயிற்றே. "நான் செஞ்சிருந்தா இதுக்குள்ள நானே பெருமையா சொல்லியிருப்பேனேம்மா" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. (அம்மாவுக்கு என்பாலும் சந்தேகம், ஃபிரிட்ஜில் குறைந்த பாலிலும் சந்தேகம்.) அடுத்து கீழ்வீட்டுத் தையல்காரர். நாய் வாசமே ஆகாது என்கிறவரைக் கண்டு இவன் ஏன் அப்படி வாலாட்டவேண்டும்? நாசூக்காகக் கேட்டேன். "எங்க வீட்டுலயே ஒண்ணும் மிஞ்சறதில்லக்கா" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். கடைசியில் துணி துவைக்கும்போது அப்பாவின் சட்டைப் பையில் பிஸ்கட் தூள். கேட்டால் அசராமல், "டாக்டர் ஒருவேளை பட்டினி போடணும்னுதானே சொன்னாரு, கட்டாயம் போடணும்னு சொல்லலையே" என்கிறார். ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னது, தேவைப்பட்டால் நிறுத்து என்பதுபோல் இவர் காதில் விழுந்திருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்தால் தேவைப்படவில்லையாம், பாலும் பிஸ்கட்டுமாக இவரே வைத்தியம் பார்த்திருக்கிறார். ('ஒரு'வுக்கும் 'வேளை'க்கும் நடுவில் ஓர் இடைவெளி விடாததால் நாய்க்கு இடைவெளியே இல்லாமல் போயிற்று.)

பிஸ்கட் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றுதான் மேனேஜர் நிஜமாகப் பட்டினி. "அவன் பார்த்துட்டிருக்கும்போது எனக்கு எறங்காது" என்று அப்பாவும் சாப்பிடவில்லை. பிறகு சோறும் கோழியும் பிசைந்து வைத்தேன், தட்டை நக்கி நகர்த்திக்கொண்டே போனான். இன்று காலை கெட்டியாக வெளிக்குப் போனான். அப்பா தெருவே கேட்க என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், உன் பரீட்சை முடிவு வந்தபோதுகூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். பையில் தூளை வைத்துக்கொண்டு அப்பா காட்டிய முகமும், போனில் நீ "சாப்பிட்டேம்மா" என்கிற குரலும் ஒரே ஜாடை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்ட உடனே உன் போனில் சிக்னல் போய்விடுகிறது. சிக்னலுக்கு என் கேள்வி எப்படி முன்கூட்டியே தெரிகிறது? இனி தினமும் சமைத்த பாத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, கழுவுவதற்கு முன்னால். உடம்பு தெம்பாகவும் மனசு தைரியமாகவும் நீ பல்லாண்டு இருக்கவேண்டும், அது போதும் எனக்கு.

உன்மேல் உயிரும் சந்தேகமும் சம அளவில் வைத்திருக்கும்,
அம்மா