இந்த வாரம் உங்களுக்குக் காலையில்தான் ராத்திரி

என்னங்க,

அக்காவைப் பார்க்கப் பண்ருட்டி போகிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் இட்லி சாப்பிட்டுவிட்டு, அரிப்புக்கும் படபடப்புக்கும் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போடுங்கள். ஒன்றே ஒன்று. "ராத்திரி போடணும்" என்று அவர் சொன்னது படுக்கப் போகும் நேரத்தை. இந்த வாரம் உங்களுக்குக் காலையில்தான் ராத்திரி! முந்தாநாள் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதே போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். "புல்டோசர்ல உக்காந்துகினே தூங்கிட்டாரு தங்கச்சி" என்று உங்கள் ஷிஃப்ட் கொளஞ்சியப்பன் அண்ணன் உங்களைக் கூட்டிவந்தபோது எனக்கு உயிரே இல்லை. அந்தப் பயத்தில்தான் கத்தினேன். அதற்காக இரண்டு நாளாகவா பேசாமல் இருப்பீர்கள்?

ஆதிலட்சுமி

பி.கு.: மாத்திரை போட்டபின் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. சாவியைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது.

இன்னொன்று: சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போது குறட்டை கேட்டால், அதையே சமாதானமாக எடுத்துக்கொள்வேன்.