படம் 14: தெளிவாக உள்ளது

நாள் 41, காலை 9.10
நிலாத் தென்துருவ ஆய்வுக்கூடம். எழுதுபவர்: முனைவர் அருணகிரி. தனி ஆள். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மாற்று ஆள் வர இன்னும் பத்தொன்பது நாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு புகார் என்னைத் துரத்திக்கொண்டு நிலாவுக்கே வந்துவிட்டது. அனுப்பியவள் ஜெபக்கனி, முதுகலை இரண்டாம் ஆண்டு, பார்வையற்றவள். 'நிலாக்கூட இயக்கம்' தாளில் தோற்றுவிட்டாள். அதற்குப் பாடநூல் இந்தக் கூடத்தின் கையேடுதான். படம் வரும் இடத்திலெல்லாம் வாசிப்புக் கருவி ஒரே வரியைச் சொல்கிறதாம்: "விளக்கப் படம். தெளிவாக உள்ளது."

சொல்லத்தான் செய்யும். எழுதியவன் நான். பல்கலைக்கழக மின்பாடப் பிரிவுக்கு நான் தலைவன். பார்வையற்றோரும் படிக்க முடிகிறதா என்று பார்க்கும் அணுகல் தணிக்கைக்கு இரண்டே நாள் இருந்தது. ஆறாயிரம் படங்கள் விளக்கமில்லாமல் கிடந்தன. தணிக்கை மென்பொருள் விளக்கம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. ஒரே வரியை ஆறாயிரம் இடத்தில் ஒட்டினேன். நூற்றுக்கு நூறு. எல்லாம் சரி என்று சான்றிதழில் கையெழுத்தும் போட்டேன். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள்.

நாள் 41, காலை 9.40
அந்தப் பெண் அதோடு விடவில்லை. தோழிகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லி, கையேட்டின் எல்லாப் படங்களுக்கும் தானே விளக்கம் எழுதி இணைத்திருக்கிறாள். "யாருக்காச்சும் உதவும் சார், ஏத்திடுங்க" என்று ஒரு வரி வேறு.

ஏற்றினால் என் சான்றிதழ் பொய் என்று ஊருக்கே தெரியும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ள நான் என்ன மடையனா? கோப்பை நிரந்தரமாக நீக்கினேன். பதில் அனுப்பினேன்: "படம் புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளவும்."

நாள் 43, பகல் 11.25
குரலால் பதிகிறேன். மின்கல அறை வெடித்தது. முகமெல்லாம் அமிலம். இரண்டு கண்ணும் போய்விட்டன.

பிராணவாயுக் குழாய் தானாக அடைத்துக்கொண்டது. அறையில் மூன்று மணி நேரக் காற்று இருக்கிறது. சேமிப்புக் கலனைக் கையால் திறக்க வேண்டும். சுவரில் ஐந்து வால்வுகள், எல்லாம் ஒரே அச்சு. ஒன்றுதான் கலனைத் திறக்கும். வேறு சில இருக்கிற காற்றையும் வெளியே விட்டுவிடும். எது எதுவென்று கையேட்டின் படம் 14-இல் இருக்கிறது. பயிற்சியில் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சுவரில்தான் எழுதியிருக்கிறதே என்று விட்டேன். எழுத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது.

நாள் 43, பகல் 11.50
செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்தது. நான்கு நிமிடத் தொடர்பு. தரையில் இளம்பரிதி என்ற பையன்: "சார், நான் மாத்து டூட்டி சார். கையேடு எங்கிட்ட இல்ல, எடுத்துட்டு வர ஆள் போயிருக்கு. நீங்க வாசிப்புக் கருவியில போட்டுக் கேளுங்களேன்? சான்றிதழ் இருக்கே சார், உங்க கையெழுத்துதான்."

தொடர்பு அறுந்தது. அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து.

நாள் 43, பகல் 12.20
"படம் 14. விளக்கப் படம். தெளிவாக உள்ளது." பதினேழு முறை கேட்டுவிட்டேன். கொஞ்சமும் சலிக்காத குரல்.

ஜெபக்கனியின் கோப்பைத் தேடச் சொன்னேன். "நிரந்தரமாக நீக்கப்பட்டது. நீக்கியவர்: அருணகிரி."

நாள் 43, பகல் 1.10
குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதையாக நான்காவதைத் திருப்பினேன். சீறல். காற்று வெளியே போகிறது. மூடுவதற்குள் பாதி போய்விட்டது. இன்னும் அரை மணி தாங்கலாம்.

பயமாக இருக்கிறது. அழுதேன், கண்ணீர் புண்ணில் பட்டு எரிகிறது. ஜெபக்கனி, நீ தோற்கவில்லை, நான்தான் தோற்கடித்தேன். பக்கத்தில் இருப்பவரிடம் கேள் என்றேனே. இங்கே பக்கத்தில் யாருமே இல்லையம்மா.

நாள் 43, பகல் 1.38
படம் 14-க்கு விளக்கம். பதிந்துகொள். ஐந்து வால்வுகள், இடமிருந்து வலம். முதலாவதைத் திருப்பிப் பார்த்தேன், தண்ணீர். மூன்றாவது அசையவில்லை. நான்காவதைத் தொடாதீர்கள். மிச்சம் இரண்டும் ஐந்தும். மூச்சு... இரண்டைத் திருப்புகிறேன். இரண்டாவது

நாள் 43, மாலை 5.50 (தானியங்கிப் பதிவு)
செயற்கைக்கோள் தொடர்பு கிடைத்தது. தரையிலிருந்து: "சார், கையேடு இன்னும் வந்து சேரல. அந்தப் படத்துக்கெல்லாம் விளக்கம் எழுதின ஜெபக்கனின்னு ஒரு பொண்ணு லைன்ல இருக்கு. மனப்பாடமா சொல்லுது சார். அஞ்சாவது. அஞ்சாவதைத் திறங்க. சார்? கேக்குதா சார்?"
பதில் இல்லை.
அணுகல் தணிக்கை: படம் 14. விளக்கம் உள்ளது. தேர்ச்சி.