ஃபார்மட் பண்ணவான்னு டிவி கேட்டா

மூணு நாளா எங்கிட்ட பேசாத மகாராணிக்கு,

உன் சீரியல் ஒண்ணும் சாகல. நான் கால் தடுக்கித் தள்ளிவிட்டதுல, நீ டிவில ரெக்கார்ட் பண்ணி வைக்கிற ஹார்ட் டிஸ்க்கோட வெளிக்கூடுதான் ஒடஞ்சுது, உள்ள இருக்கிற டிஸ்க் நல்லாருக்கு. காலைல புதுக் கூட்டுக்கு மாத்திட்டேன். ஒரு ஸ்க்ரூ மிச்சமாயிடுச்சு. ஏன்னு கேக்காத.

இப்ப கவனமா படி. கூடு மாறினதால டிவிக்கு அடையாளம் தெரியல. ஆன் பண்றப்பல்லாம் "ஃபார்மட் பண்ணவா?"ன்னு கேக்கும். "வேணாம்"னு அமுக்கு. ரெண்டு தடவ கேட்டுட்டு, வாய மூடிக்கிட்டு லிஸ்ட்டக் காட்டும். தப்பித்தவறி "ஆமா"ன்னு அமுக்கினா இருநூத்திப் பன்னெண்டு எபிசோடும் காலி.

சாயங்காலம் உன் அண்ணன் வர்றாராம். ரிமோட்ட ஒளிச்சு வை. மச்சான் எதக் கேட்டாலும் யோசிக்காம ஆமாங்கிற ஆளு. நான் பொண்ணு கேட்டு வந்தப்பவும் அப்படித்தான் சொன்னாரு.

சோறு அடுப்பு மேல இருக்கு. உப்பு கம்மி. கோவத்துல இல்ல, மறந்துட்டேன்.

சாவி வழக்கமான எடத்துல.

அப்புறம் ஒண்ணு. எல்லாம் இருக்கான்னு லிஸ்ட்டக் கடைசி வரைக்கும் பாத்தேன். பஸ் ஸ்ட்ரைக் நியூஸ்ல, நிருபருக்குப் பின்னாடி நின்னு நான் மூக்கு நோண்டுற பதினாலு செகண்ட் அதுல இருக்கு. அன்னிக்கே அழிச்சிட்டேன்னு சொன்ன. ஆறு வருஷமா யாரும் அழிக்க முடியாதபடி பூட்டு போட்டு வச்சிருக்க.

அது கீழ விழுந்தப்ப "போனாப் போவுது, எல்லாம் குப்பதானே"ன்னு சொன்னேன்ல. அந்தக் குப்பையில நானும் இருக்கேன்னு தெரியாமப் போச்சு.

பேசாட்டிப் போ. அந்தப் பூட்ட மட்டும் எடுத்துடாத.