இரண்டு மணி ஷிப்ட்டுக்கு முந்தைய பத்து நிமிடம்

அனுப்புநர்:
இரா. இசைவாணி,
காலை ஷிப்ட், நெல் சுத்திகரிப்புப் பிரிவு,
மணிக்கதிர் கூட்டுறவு நவீன அரிசி ஆலை,
குடவாசல் வட்டம்.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
மேற்படி ஆலை.

பொருள்: ஷிப்ட் மாறும்போது இருந்த பத்து நிமிடச் சந்திப்பைத் திரும்ப அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நெல் தூக்கும் ஒரே எலிவேட்டரில் காலை ஷிப்ட்டில் நானும், இரண்டு மணி ஷிப்ட்டில் திருமதி தங்கம்மாளும் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறோம். நெல் சிந்தினால் அவர் என்மேல் புகார் எழுதுவார். அடைப்பு இருந்தால் நான் அவர்மேல். கடந்த ஜூன் வரை நேரில் பேசியதில்லை.

2. கடந்த ஏப்ரலில் நிறுவன உளவியலாளர் திருமதி நிலோஃபர் அவர்களை ஆலை மூன்று மாதத்துக்கு நியமித்தது. ஆட்குறைப்புக்கு வந்திருக்கிறார் என்று பயந்து, காலை ஷிப்ட்டார் நாற்பத்தொரு பேரும் முன்கூட்டியே பேசிவைத்து, "ஒரு குறையும் இல்லீங்க" என்றோம். அவர் சிரித்துவிட்டுக் கேள்விப் படிவத்தை மடித்து வைத்தார். பதினெட்டு நாள் எங்களோடு உட்கார்ந்து மூட்டை தைத்தார். யார் யாரிடம் பேசுகிறோம், எதை யாரிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறோம் என்பதையே கவனித்தார். கடைசியில் அவர் எங்களுக்காகக் கேட்டு வாங்கியது பத்து நிமிடம். ஜூன் முதல், 1.50க்கு இரு ஷிப்ட்டாரும் இயந்திரத்தருகே நின்று பேசிக்கொண்டோம்.

3. முதல் நாள் தங்கம்மாள், "நீதானா அந்த மகராசி?" என்றார். பிறகு ஈரநெல், அடைப்பு, அவர் மகளின் பரீட்சை எல்லாம் பேசினோம். புகார்ப் பெட்டியில் எங்கள் பிரிவிலிருந்து ஒரு தாளும் விழவில்லை.

4. உற்பத்தி நேரம் வீணாகிறது என்று நவம்பர் 3 அன்று அந்தச் சந்திப்பு நிறுத்தப்பட்டது. டிசம்பர் 11 காலை, எலிவேட்டர் பெல்ட் மூடியில் போல்ட் கழன்றிருப்பதைப் பார்த்து மேற்பார்வையாளரிடம் சொன்னேன். பதிவேட்டில் எழுதினார். மதிய ஷிப்ட்டார் அதைப் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சங்கு ஊதியதும் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். மூன்றரை மணிக்குத் தங்கம்மாளின் வலக்கையில் இரண்டு விரல்கள் நசுங்கின.

5. அவர் வீட்டுக்கு இருமுறை போனேன். "அம்மா தூங்குது" என்று மகள் வாசலிலேயே அனுப்பிவிட்டாள். தெரிந்தும் நான் சொல்லவில்லை என்று அவர் நினைக்கிறார். அவர் நினைப்பதில் தவறில்லை.

6. விடுப்பு முடிந்து அவர் பிப்ரவரி 2 மதியம் வேலைக்கு வருகிறார். இப்போதைய ஏற்பாட்டின்படி அவர் முன்வாசலில் நுழையும்போது நான் பின்வாசலில் வெளியேறிவிடுவேன்.

ஆகவே, அந்தத் தேதிக்குள் பத்து நிமிடச் சந்திப்பைத் திரும்ப அனுமதிக்குமாறும், திருமதி நிலோஃபர் அவர்களை மறுபடி அழைத்து யோசனை கேட்குமாறும் வேண்டுகிறேன். எல்லாப் பிரிவுக்கும் முடியாதென்றால் எங்கள் எலிவேட்டருக்கு மட்டுமாவது. அதுவும் முடியாதென்றால், அன்று ஒருநாள் என் வேலை முடிந்தபின் நான் அங்கேயே நிற்பதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம்.

இடம்: குடவாசல்
நாள்: 19.01.2026

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
இரா. இசைவாணி