வசந்தியின் பாஸ்வேர்ட்

யூலை 1, செவ்வாய்

காலையிலிருந்து தூறல், காற்று. கடை வாசல் முழுக்கச் சேறு. இரண்டு தரம் துடைத்தேன்.

இதைப் போனில் எழுதவில்லை. எண்பது பக்கக் கொப்பி, நீலப் பேனை. போனில் எழுதுவது எங்கே போய் ஏறும் என்று எனக்குத் தெரியும். கொமினிகேஷன் எனும் போன் கடையில் பதினோரு வருஷம் வேலை. வெள்ளவத்தை அன்ரிமாரில் பாதிப்பேருக்குப் போன் பழக்கியது நான்தான்.

தங்கச்சி வசந்தி ஞாயிறு பின்னேரம் வந்தாள். ஹெவ்லொக் டவுனிலிருந்து நடந்தே, வெறுங்காலோடு. இடது காது சரியாகக் கேட்கவில்லை. அவன் தலைமயிரைப் பிடித்துக் கதவு நிலையில் மூன்று தரம் மோதினானாம். காரணம்: போன் லொக் நம்பரை மாற்றிவிட்டுச் சொல்லவில்லையாம். அவன் பெயரை இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன். புருஷன். அவ்வளவு போதும்.

என் அறை அவனுக்குத் தெரியும். அதனால் நேற்றே அவளைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினேன், பிலோமினா அக்கா வீட்டுக்கு. தையல்காரி, என் பழைய கஸ்டமர். அவனுக்கு அவரைத் தெரியாது.

இன்று ஓட்டோவில் கடைக்கு வந்து போனாள். வ.வின் போனுக்குச் செய்தவை:
முழுக்க அழித்தேன். புது சிம், என் பேரில்.
புது மெயில், புது பாஸ்வேர்ட். நானே யோசித்துப் போட்டேன், அவளுக்கு மூளை ஓடவில்லை.
லொகேஷன் எல்லா அப்புக்கும் நிறுத்தம். போன் தொலைந்தால் தேடித்தரும் வசதியை மட்டும் விட்டேன். அவள் இருக்கிற நிலைக்கு எங்கேயாவது போட்டுவிடுவாள்.
மெசேஜ்களைப் பிரதி எடுத்து ஏற்றும் பக்-அப் நிறுத்தம்.

"லொக் நம்பர் எனக்கும் தெரியவேணும்," என்றேன். போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

கடைசியில் வழமைபோல் சி.ஆர். கொப்பி, கடையின் தடித்த மட்டைப் பதிவுப் புத்தகம். கடையில் யாருக்கு எக்கவுண்ட் திறந்தாலும் பெயர், நம்பர், மெயில், பாஸ்வேர்ட் நாலும் அதில் ஏறும். அன்ரிமார் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள், பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவரை நாலு கொப்பி, எல்லாம் என் கையெழுத்து. எழுதிவிட்டுக் கடையைப் பூட்ட ஆறரை.

யூலை 2, புதன்

வெயில். மின்விசிறி கரகரக்கிறது. மதியம் சாப்பிடப் போய் வரப் பிந்திவிட்டது, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

இரண்டரைக்கு வ. கோல் எடுத்தாள். "அக்கா, போன்ல ஒண்டு வந்திருக்கு. வேற எங்கயோ இருந்து யாரோ உள்ள வந்திருக்காம், நீங்களா எண்டு கேக்குது."

"நான்தான். கடைக் கொம்பியூட்டர்ல போட்டனான். ஓம் எண்டு அமத்து."

அமத்தினாள்.

பிறகு டோர்ச் லைட் அப் ஒன்று போடட்டுமா என்றாள், அங்கே கரண்ட் போகிறதாம். அது என்னென்ன கேட்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். கொன்டாக்ட், மைக், லொகேஷன். "டோர்ச்சுக்கு என்னத்துக்கடி உன்ர கொன்டாக்ட்? போனிலயே டோர்ச் இருக்கு, விசரி," என்று ஏசினேன். கொஞ்சம் சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் தரம்.

யூலை 4, வெள்ளி

இரவு எழுதுகிறேன்.

பின்னேரம் கொட்டாஞ்சேனை போனேன். கறிபணிஸ் மூன்று, வ.வுக்குக் காது மருந்து. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுப்பட்டது. பிலோமினா அக்கா சங்கிலியை எடுக்காமல் கொஞ்சமாகத் திறந்தார். அவன்.

"மச்சாள், அவளை அனுப்புங்கோ. வீட்டுப் பிரச்சினையை வீட்டில கதைப்பம்." இடுக்கால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். வ. தையல் மெஷினுக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டாள். சட்டையின் கழுத்துப்பட்டியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலும் பயம் வந்தால் அப்படித்தான்.

அவன் கையை உள்ளே விட்டுச் சங்கிலியைத் தடவினான். நான் ஓடிப்போய் முழு உடம்பாலும் கதவில் விழுந்தேன். நாலு விரல் நிலைக்குள். சத்தம் கேட்டது. அவன் கத்தினான். நான் விடவில்லை. எண்ணிக்கொண்டு நின்றேன், பத்து வரைக்கும். பிலோமினா அக்கா என்னைப் பிடித்து இழுத்தார்.

உண்மையை எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது.

பொலிஸ். முறைப்பாடு எழுதினவர் பேனையைக் கடித்துக்கொண்டு, "பவுலே ப்ரஷ்னயக் நே, நங்கி," என்றார். சிங்களத்தில்: குடும்பப் பிரச்சினைதானே, தங்கச்சி. காதைக் காட்டினோம். எழுதினார்.

எப்படி வந்தான்? என் பின்னால்தான் வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பிப் பார்க்கவில்லையே நான். மடைச்சி.

யூலை 6, ஞாயிறு

கடை லீவு. உடுப்புத் தோய்த்தேன், காயவில்லை.

பிலோமினா அக்காவின் சொந்தக்காரர் ஒருவருக்குத் தெமட்டகொடையில் ஒரு பின்னறை. ரயில் யார்ட்டுப் பக்கம். வ. நேற்று ஓட்டோவில் போய்விட்டாள். நான் அந்தப் பக்கம் கால் வைக்கவே மாட்டேன் என்று முடிவு. எனக்குத் தெருப்பெயர் தெரியும், அதோடு சரி. இனி யார் பின்னால் வந்து பிடிப்பான், பார்ப்போம்.

யூலை 9, புதன்

பிடித்துவிட்டான்.

மதியம் பன்னிரண்டரை. வ. முட்டை வாங்க ஒழுங்கைக்கு வந்திருக்கிறாள். மோட்டார்சைக்கிளில் வந்து, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அடித்திருக்கிறான். விழுந்த பிறகும் அடித்தானாம். வலது முன்கை இரண்டு இடத்தில் முறிவு, இரண்டு பல் இல்லை. யார்ட் வேலைக்காரர் நாலுபேர் ஓடி வந்துதான் இழுத்தார்கள். அவன் ஏறிப் போய்விட்டான். முட்டை எல்லாம் அவள் சட்டையில்.

நான் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்ச் சேர நாலு மணி. அவள் அரைமயக்கத்தில். தலைமாட்டில் பையில் போன் இருந்தது. எடுத்தேன். நம்பரை அடித்தேன், திறந்தது. கோல் எல்லாம் பார்த்தேன், மெசேஜ் எல்லாம் பார்த்தேன், அழித்ததையும் தேடினேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"சொல்லு. நீதானே எடுத்துக் கதைச்சனீ? பாவம் எண்டு எடுத்தனீயா?"

"இல்லை அக்கா."

"பொய் சொல்லாத. நான் அங்க வரவே இல்லை. வேற எப்பிடி வந்தவன்?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

அடித்துவிட்டேன். கன்னத்தில். கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறவளை. பக்கத்துக் கட்டில் மனுஷி "ஐயோ" என்றாள்.

வ. அழவில்லை. வீங்கின வாயால் மெல்லச் சொன்னாள்: "அவரும் இப்பிடித்தான். முதல் லொக் நம்பர் கேப்பார். பிறகு போனைப் பாப்பார். பிறகு அடிப்பார்."

யூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி லீவு. கடை பூட்டு. வார்டுக்குப் போகவில்லை, அவளைப் பார்க்க முகம் இல்லை. பிலோமினா அக்கா சூப் கொண்டுபோனார்.

யூலை 11, வெள்ளி

பத்து மணிபோல ஒரு அன்ரி. புதுப் போன், கனடா மகள் அனுப்பினது. எக்கவுண்ட் திறந்து கொடுத்து, சி.ஆர். கொப்பியை விரித்தேன். நாலு வரிக்கு மேலே வ.வின் வரி. பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம். யாருக்காவது பாஸ்வேர்ட் பார்த்துச் சொன்னால் நாங்கள் போடுகிற அடையாளம். நான் போடவில்லை.

கொப்பியை முதலாளியின் பக்கம் திருப்பினேன்.

"அண்ணை, இது?"

முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஓ, இது உங்கட தங்கச்சிதானே. அவவின்ர மிஸ்டர் வந்தவர், நீங்க சாப்பிடப் போன நேரம். மனுசிக்குப் பாஸ்வேர்ட் மறந்து போச்சாம் எண்டார். புருஷன்தானே எண்டு குடுத்தனான். ஏன் தங்கச்சி?"

"எண்டைக்கு?"

"ரெண்டாந் திகதி புதன்."

அந்தப் புதன் இரண்டரைக்குத்தான் வ. எடுத்துக் கேட்டாள். யாரோ உள்ளே வந்திருக்காம் என்று. நான்தான் என்றேன். ஓம் என்று அமத்து என்றேன்.

தொலைந்தால் தேடித்தரும் வசதி. நான் விட்டுவைத்தது. ஒன்பது நாள் அவன் சாய்ந்து இருந்துகொண்டு வரைபடத்தில் என் தங்கச்சியைப் பார்த்திருக்கிறான்.

முதலாளியோடு கத்த முடியவில்லை. அவருக்கு நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. வீட்டு விஷயம், வெட்கம், என்று மூடிவைத்தது நான்.

நாலு கொப்பியையும் எடுத்தேன். கிழித்தேன். தடித்த மட்டை கிழியவில்லை, பேப்பர் வெட்டுகிற மெஷினில் வைத்து இறக்கினேன். திரும்பத் திரும்ப இறக்கினேன். துண்டுகளை வாளித் தண்ணியில் போட்டுக் காலால் மிதித்தேன். நீல மை ஊறி வந்தது. அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

"இனி ஆக்கள் வந்து கேட்டா என்ன சொல்லுற?" என்று முதலாளி.

"புதுசா யோசிக்கச் சொல்லுங்கோ. எங்களிட்டயும் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

யூலை 12, சனி

வார்டு. எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி, புதன்கிழமை, ஓம் என்று அமத்தச் சொன்னது. காலில் விழவும் பார்த்தேன், கட்டில் உயரம்.

வ. கையை நீட்டினாள். "போனைத் தா."

இடது கையால் தட்டுத்தடுமாறி, தானே முழுக்க அழித்தாள். அந்தத் தேடும் வசதியை எங்கே நிறுத்துவது என்று மட்டும் கேட்டாள், காட்டினேன். புதுப் பாஸ்வேர்ட் கேட்கும் இடம் வந்ததும் என்னையறியாமல் எட்டிப் பார்த்தேன். போனை நெஞ்சோடு கவிழ்த்தாள்.

"அக்கா, அங்கால பார்."

சுவரைப் பார்த்தேன். அதில் யாரோ துப்பின வெற்றிலைச் சாறு.

"இங்க இருந்து எங்க போறன் எண்டு உனக்கும் சொல்ல மாட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் உனக்குச் சாப்பாடு போட்டது, யார் கதவைப் பிடித்தது, நான் இல்லாவிட்டால் எரித்திருப்பானே என்றெல்லாம் கத்தினேன். நேர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னா.

"நீ நல்லதுக்குத்தான் செய்வாய், அக்கா," என்றாள் வ. "ஆனா எழுதி வைப்பாய்."

யூலை 14, திங்கள்

கட்டில் வெறுமை. காலையிலேயே டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிக்கொண்டு போய்விட்டாளாம். பிலோமினா அக்காவுக்கும் தெரியாதாம். சத்தியம் பண்ணுகிறார்.

விட்டுப் போனது: சீப்பு, பாதிச் சவர்க்காரம், நான் என் பேரில் எடுத்த சிம், இரண்டாக வெட்டி.

திமிர் பிடித்தவள். ஒரு நம்பராவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கூடப் பிறந்தவளையும் அவனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாள். மதியம் சாப்பிடவில்லை. மழை.

யூலை 19, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோணல். பரவாயில்லை.

வியாழன் பதினொரு மணி. முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். அவன் வந்து ஷட்டரைப் பாதிக்குக் கூடக் கீழே இழுத்துவிட்டான். என் வலது கையைக் கவுண்டரில் அழுத்திப் பிடித்தான். அவன் நகம் நாலும் இன்னும் கறுப்பு.

"மச்சாள், அவள் எங்க?"

"செத்துத் தொலை," என்றேன். மூஞ்சியில் துப்பினேன். வீரம்.

சுண்டு விரலைப் பின்னால் மடக்கினான். முறிந்தது. என் போனை நீட்டி லொக் நம்பர் கேட்டான். உடனே சொல்லிவிட்டேன். ஒரு விரலுக்கே. எல்லாவற்றையும் பார்த்தான், அவளைப் பற்றி ஒன்றுமில்லை.

"அவள் எங்க?" அடுத்த விரல்.

"தெரியாது."

"அக்காவுக்குத் தெரியாமலோ?" நடுவிரல்.

"தெரியாது, தெரியாது, தெரியாது." என் குரல் போலவே இல்லை. மூத்திரம் போய்விட்டது. என்னை நிமிர்த்திக் கண்ணைப் பார்த்தான். நம்பிவிட்டான் என்று நினைக்கிறேன், கை தளர்ந்தது. அதற்குள் ஓட்டோக்காரர்கள் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். அவனை ரோட்டில் போட்டு மிதித்தார்கள். இப்போது உள்ளே இருக்கிறான். எத்தனை நாளைக்கோ.

வார்டில் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். மூன்று விரல் போயும் தங்கச்சியைக் காட்டிக்கொடுக்கவில்லையாம். பிலோமினா அக்கா என் தலையைத் தடவி அழுதார்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். தெரிந்திருந்தால் இரண்டாவது விரலுக்கே சொல்லியிருப்பேன்.