அமலோற்பவத்தின் கல்

2025 அக்டோபர் 19, ஞாயிறு

என் மனைவி அமலோற்பவத்தின் கல்லறைக் கல்லில் என் மகன் சாதிப் பட்டத்தைப் பொறித்திருக்கிறான். 'சொனியே' என்ற எங்கள் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில். மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோதுதான் பார்த்தேன்.

புதுச்சேரியில் வேலையில் இருக்கும் தைரியநாதனுக்குப் போன் செய்தேன். "யாரக் கேட்டுடா வெட்டின?"

"வுடுங்கப்பா. இப்ப எல்லாரும்தான் போடறாங்க." வைத்துவிட்டான்.

அக்டோபர் 20

ஊரெல்லாம் தீபாவளி வெடி. எனக்குத் தூக்கமில்லை.

1881-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். சாதி வழக்கத்தைக் கைவிட்டு அவர்கள் சட்டத்துக்கு வருகிறேன் என்று கையெழுத்திடுபவன், வம்சத்துக்கே ஒரு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். என் கொள்ளுத்தாத்தா அப்போது புதுச்சேரியில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். "என்ன பெயர் வேண்டும்?" என்று குமாஸ்தா கேட்டானாம். "நாங்கள் யார் என்று காட்டிக்கொடுக்காத பெயராகப் பார்த்துப் போடுங்கள்" என்றாராம். அவன் அவர் கையின் வெடிப்பைப் பார்த்து எழுதியதுதான் சொனியே. பிரெஞ்சில் உப்பு விளைவிப்பவன் என்று அர்த்தம். நடைபாதையில் வாங்கிய அகராதியை எழுத்துக்கூட்டிப் படித்து நானே தெரிந்துகொண்டேன்.

அந்தக் கையெழுத்துக்காக அவருடைய கூடப்பிறந்த அண்ணன் சாகும்வரை அவரோடு பேசவில்லை. தாத்தா உப்பளத்துக்காக மரக்காணம் வந்தார். அப்போது இங்கே இங்கிலீஷ்காரன் ராச்சியம், அந்தப் பெயரைக் கேட்பார் இல்லை. தாத்தா விடவில்லை. அப்பா விடவில்லை. நானும்.

கொள்ளுத்தாத்தா தூக்கிப் போட்ட அதே பட்டம். என் பெண்டாட்டி தலைமாட்டில்.

அக்டோபர் 22

மழை. உப்பளம் முழுக்கத் தண்ணீர். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை.

அக்டோபர் 25

கல் வெட்டும் அசோகனைப் போய்ப் பிடித்தேன்.

"பெரியவரே, எம்மேல பாயாத. உன் மவன் வெறும் பேர மட்டும் போடச் சொன்னாரு. பேருக்குப் பின்னாடி இம்மாம் எடம் மொட்டையா நிக்குதே, என்னா வெட்டறதுன்னு நான்தான் கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சி இதச் சொன்னாரு."

வெறும் பெயரா? ஏன்?

அக்டோபர் 28

அமலுவோடு உப்பளத்தில் கூடை சுமந்த கொளஞ்சியம்மாள் வந்தாள். நான் மகனைத் திட்டுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும் அண்ணே. சொனியே வேணாம்னு சொன்னதே அமலுதான்."

"பொய் சொல்ற."

"நான் ஏன் பொய் சொல்லணும்? கடைசியா ஆஸ்பத்திரியில நானும் உன் புள்ளயும்தான் பக்கத்துல இருந்தோம். அளத்துல மேஸ்திரி பேர் கூப்பிடறப்போ முழுப் பேரும் கூப்பிடணும்னு நீதான சண்ட போட்ட? அவரு 'அமலோற்பவம் சொனியே'ன்னதும் அத்தினி பொம்பளையும் சிரிப்பாளுங்க. 'துரைசாணி வர்றா, கொட புடிங்கடி'ன்னு கத்தறது. நானுந்தான் கத்துனேன். கால்ல புண்ணு எரியும், தலையில உப்புக் கூட கனக்கும், அமலு ஒண்ணும் பேசாது. 'செத்த பெறவாச்சும் வெறும் அமலோற்பவமா கெடக்கறேன்'னு சொல்லிட்டுத்தான் போச்சி."

"அந்தப் பட்டத்தப் போடச் சொன்னாளா?"

"அய்ய! அது உன் புள்ள வேல."

அக்டோபர் 29

நாற்பத்தெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவள். என்னிடம் சொல்லவில்லையே.

சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா? — மாட்டேன். அது அவளுக்குத் தெரியும்.



அக்டோபர் 30

தைரியநாதன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அம்மா கேட்டதச் சொல்ல எனக்கு வாய் வரலப்பா. வெறுமனே வுட்டா அநாதப் பொணம் மாதிரி இருக்கும்னு தோணுச்சி."

"அதுக்கு இதுவாடா?"

"நாளைக்கி என் பொண்ணுக்கு மாப்ள பாக்கணும். வர்றவங்க மொதல்ல என்ன கேப்பாங்க, சொல்லுங்க. சொனியேன்னா அவங்களுக்கு என்னா புரியும்?"

"புரியக் கூடாதுன்னுதான்டா என் கொள்ளுத்தாத்தா அந்தப் பேர வாங்கினாரு!" கத்திவிட்டேன். அவன் பிள்ளைகள் பெயரில் சொனியே இல்லை என்பதும் இன்றுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கவே இல்லையாம்.

என்னோடு முடிகிறது.

நவம்பர் 1

நாளை கல்லறைத் திருநாள். நடக்க வேண்டியவை:

அசோகன் காலையிலேயே வந்து பட்டத்தைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். தடம்கூடத் தெரியக் கூடாது. அந்த இடத்தில் வேறு எதையும் வெட்டக் கூடாது. சொனியேயும் வேண்டாம். மொட்டையாகவே நிற்கட்டும்.

தைரியநாதன் அவன் பெண்ணையும் கூட்டிவந்து பக்கத்தில் நிற்க வேண்டும். ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

கல்லைக் கழுவுவது கொளஞ்சியம்மாள். அன்று அவளும் கத்தியவள்தான், கழுவட்டும்.

பூவும் மெழுகுவத்தியும் நான்.

நான் போன பிறகு என் கல்லில் முழுப் பெயரையும் தைரியநாதன் பொறிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கல்லை அவள் கல்லை ஒட்டி நட வேண்டாம். ஒரு முழம் தள்ளி நடட்டும்.